தங்கைக்குக் கல்லூரி விடுதியா, பிஜியா, எங்கள் வீட்டு மாடியா?

மலேசியாவின் ஈப்போவிலிருந்து சித்தப்பா மூன்று நாள் விடாமல் தொலைபேசியில் பேசினார். மூன்று நாளும் ஒரே பேச்சு. அவர் மகளுக்கு, என் தங்கைக்கு, மதுரையில் தல்லாகுளம் பக்கம் ஒரு கல்லூரியில் முதுகலைக்கு இடம் கிடைத்துவிட்டது. புதூரில் எங்கள் வீட்டு மாடி சித்திரையிலிருந்து காலியாகக் கிடக்கிறது. அழகர்கோவில் சாலையில் பஸ் ஏறினால் பத்து நிமிடத்தில் கல்லூரி வாசல். "பிறகு எதற்கம்மா ஹாஸ்டலுக்குப் பணத்தைக் கொட்ட வேண்டும்?" என்பது அவருடைய கேள்வி. முதல் பருவம் முழுக்க அவள் கல்லூரி விடுதியிலேயே இருக்கட்டும் என்பது என் பதில். மூன்றாம் நாள் சித்தி தொலைபேசியை வாங்கி, "உனக்குச் சிரமமாக இருந்தால் வெளிப்படையாகச் சொல்லிவிடு" என்றார். அந்த வருத்தத்தைத் தொலைபேசியில் தீர்க்க முடியாது என்று தோன்றியது. உட்கார்ந்து எழுதுகிறேன். மலேசியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் மதுரைக்குப் பிள்ளைகளை அனுப்புகிற மற்றவர்களுக்கும் பயன்படட்டும்.

எங்கள் மாடியை ஒன்பது ஆண்டுகளாக மாணவர்களுக்குத்தான் விட்டு வருகிறோம். அவர்களில் மூன்று பேர் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருந்தவர்கள். இரண்டு யாழ்ப்பாணத்துப் பையன்கள், மலேசியாவின் கிள்ளானிலிருந்து ஒரு பெண். மூவரும் தமிழ்ப் பிள்ளைகள். சிக்கலே அங்குதான். தமிழ் பேசுகிறார்கள், கோவிலுக்கு வருகிறார்கள், இட்லிக்கு இன்னும் கொஞ்சம் சட்னி கேட்கிறார்கள். அவர்கள் அயல்நாட்டவர் என்பது நமக்கும் மறந்துபோகிறது, அவர்களுக்கும் மறந்துபோகிறது. அரசாங்கத்துக்கு மட்டும் மறப்பதில்லை.

ஆகவே வாடகை, சாப்பாடு, தூரம் எல்லாவற்றுக்கும் முன்னால் தாள்களைப் பற்றிப் பேசிவிடுகிறேன். உள்ளூர்ப் பிள்ளைக்கும் வெளிநாட்டுப் பிள்ளைக்கும் வீடு பார்ப்பதில் இருக்கும் வேறுபாடு முழுவதும் அதில்தான் அடங்கியிருக்கிறது.

24 மணி நேரமும் 14 நாளும்

வெளிநாட்டவர் ஒருவரைத் தங்கவைப்பவர், அது ஓட்டலானாலும் கல்லூரி விடுதியானாலும் என்னைப்போல் மாடியை வாடகைக்கு விடுபவரானாலும், அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் அரசு இணையதளத்தில் விவரத்தைப் பதிவு செய்யவேண்டும். சி படிவம் என்பது பழகிப்போன பெயர். 2025 செப்டம்பர் 1 முதல் குடியேற்றத்துக்கும் அயல்நாட்டவருக்குமான புதிய சட்டம் வந்து, 1946ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்கு விடை கொடுத்துவிட்டார்கள். படிவத்தின் பெயர் எப்படி மாறினாலும் வேலை அதே வேலைதான். இது வீட்டுக்காரரின் பொறுப்பு. இரண்டாவது கெடு மாணவருடையது. 180 நாளுக்கு மேற்பட்ட மாணவர் விசாவில் வருபவர், இந்தியாவில் இறங்கிய 14 நாளுக்குள் தம்மை அயல்நாட்டவர் பதிவு அலுவலகத்தில், இப்போது இணையவழியிலேயே, பதிவு செய்துகொள்ளவேண்டும். இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டை வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பதிவு தேவையில்லை. மலேசியத் தமிழர்களில் சிலரிடம் அந்த அட்டை இருக்கும். இருந்தால் பாதி வேலை மிச்சம்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், தெரியாமல் இருந்து பட்டதால்தான். ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் முதல் யாழ்ப்பாணத்துப் பையன் விடுதியிலிருந்து எங்கள் மாடிக்கு மாறினான். நல்ல பிள்ளை. என்னை 'அன்ரி' என்பான். முன்பணம் வாங்கினோம், சாவியைக் கொடுத்தோம், பால் காய்ச்சச் சொன்னோம். எங்கள் கணக்கில் வேலை முடிந்தது. பத்து மாதம் கழித்து விசா நீட்டிப்புக்கு விண்ணப்பித்தபோது வசிக்கும் இடத்துக்குச் சான்று கேட்டார்கள். வாடகை ஒப்பந்தம் எழுதவே இல்லை. படிவம் என்று ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது. ஆவணங்களில் அவன் இன்னும் விடுதியில் இருந்தான். விடுதியோ, அவன் காலி செய்துவிட்டான் என்று எழுதிக் கொடுத்திருந்தது. பத்து மாதமாக அவன் எங்கேயும் வசிக்கவில்லை.

அந்த இரவை நான் மறக்கமாட்டேன். என் கணவர் கண்ணாடியை மூக்கு நுனியில் தள்ளிக்கொண்டு கணினி முன்னால், பையன் கடவுச்சீட்டைக் கையில் விரித்துப் பிடித்துக்கொண்டு பக்கத்தில். வீட்டுக்காரராக முதலில் எங்களைப் பதிவு செய்து, அதற்கு ஒப்புதல் வந்த பிறகுதான் அவனைப் பதிவு செய்ய முடியும் என்பதே இரவு பதினொரு மணிக்குத்தான் புரிந்தது. ஒப்புதல் வந்த பிறகு மறுபடி உட்கார்ந்தோம். எங்கிருந்து வந்தார், எத்தனை நாள் தங்குவார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, அடுத்து எங்கே செல்கிறார் என்று ஒரு கட்டம். கணவர் திரும்பிப் பார்த்தார். "வகுப்புக்கு" என்றான் பையன். சிரித்தோம். ஆனால் நீட்டிப்பு கைக்கு வரும்வரை அவன் சரியாகச் சாப்பிடவில்லை. குற்றம் முழுக்க எங்களுடையது, அலைச்சல் முழுக்க அவனுடையது.

கல்லூரி விடுதியில் இதெல்லாம் ஒரு எழுத்தரின் அன்றாட வேலை. வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கிற கல்லூரிகள் இதற்கென்றே ஒருவரை வைத்திருக்கின்றன. தனியார் விடுதிகளில், அதாவது எல்லோரும் பிஜி என்கிற இடங்களில், பத்தில் ஒன்றுகூட இதைச் செய்யும் என்று நான் நம்பவில்லை. கேட்டால், "அதெல்லாம் வேண்டாம்மா, ஆதார் நகல் கொடுங்கள் போதும்" என்பார்கள். ஈப்போவில் பிறந்த பெண்ணிடம் ஆதாருக்கு எங்கே போவது?

வங்கிக் கணக்குக்கும் இதே கதைதான். கடவுச்சீட்டு, விசா, சொந்த நாட்டு முகவரிச் சான்று, கல்லூரியின் சேர்க்கைக் கடிதம் இவற்றை வைத்து வெளிநாட்டு மாணவருக்கு என்ஆர்ஓ கணக்கு, அதாவது இந்தியாவில் நிரந்தரமாகக் குடியிராதவருக்கான ரூபாய்க் கணக்கு, திறக்க ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. ஆனால் 30 நாளுக்குள் உள்ளூர் முகவரிச் சான்று கொடுக்கவேண்டும். அதுவரை வெளிநாட்டிலிருந்து 1,000 டாலருக்கு மேல் வரவு வைக்க முடியாது, மாதம் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. விடுதியில் இருந்தால் கல்லூரி தரும் கடிதமே முகவரிச் சான்று. வெளியில் இருந்தால் வாடகை ஒப்பந்தம் வேண்டும். சிம் கார்டு வாங்கப் போனால் அங்கேயும் உள்ளூர் முகவரி கேட்பார்கள், தெரிந்தவர் ஒருவரின் இந்திய எண்ணையும் கேட்பார்கள். முகவரி கேட்டால் சிம், சிம் கேட்டால் வங்கி, வங்கி கேட்டால் முகவரி என்று முதல் மாதம் முழுக்க இந்தச் சக்கரம் சுற்றும். விடுதிக் கடிதம் ஒன்று கையில் இருந்தால் சக்கரம் எங்காவது ஓரிடத்தில் நிற்கும்.

சித்தப்பா, முதல் பருவம் விடுதி என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு முதற்காரணம் இதுதான்.

விடுதியின் மறுபக்கம்

விடுதியை அளவுக்கு மீறிப் புகழ்ந்துவிடக் கூடாது. இந்த ஊருக்குத் தூங்கா நகரம் என்று பெயர். நள்ளிரவில் இட்லிச் சட்டியில் ஆவி பறக்கும். அதே ஊரில் பெண்கள் விடுதியின் கதவு விளக்கு வைக்கும் நேரத்தில் பூட்டப்படும். கோலாலம்பூரில் இரவு ஒன்பதுக்கு ரயிலில் தனியாக வந்து பழகிய பெண்ணுக்கு, ஆறரை மணிக்கு மேல் வெளியே இருக்கக் காரணம் எழுதிக் கையெழுத்து வாங்குவது முதல் வாரம் வேடிக்கையாக இருக்கும், மூன்றாம் வாரம் எரிச்சலாக இருக்கும். ஆண்கள் விடுதிகளில் பிடி கொஞ்சம் தளர்வு. இது நியாயமா என்று கேட்டால் இல்லை. மாறும் என்று காத்திருக்க இரண்டு வருடப் படிப்பில் நேரமும் இல்லை.

சாப்பாட்டைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. வாரத்தில் இரண்டு நாள் நன்றாக இருக்கும்.

யாரும் முன்கூட்டிக் கேட்காத, ஆனால் கட்டாயம் கேட்கவேண்டிய கேள்வி வேறு. விடுமுறையில் விடுதி திறந்திருக்குமா? தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பருவ இடைவேளைக்கும் உள்ளூர்ப் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு தேனிக்கும் இராமநாதபுரத்துக்கும் போய்விடுவார்கள். மெஸ் மூடிவிடும். பல விடுதிகளில் கட்டடத்தையே பூட்டிவிடுவார்கள். மே மாதம் கேட்கவே வேண்டாம். கிள்ளான் பெண் எங்களிடம் வந்ததே அப்படித்தான். பொங்கலுக்கு நான்கு நாள் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். நான்கு நாளுக்காக விமானம் ஏறவா முடியும்? சேர்க்கைக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே விடுதிக் காப்பாளரிடம் இதைக் கேட்டு, திறந்திருக்கும் என்றால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லை என்றால் அந்த நாள்களுக்கு ஒரு வீடு இப்போதே பேசிவைக்க வேண்டும்.

பிஜி என்னும் நடுவழி

அண்ணா நகர், கே.கே. நகர், நரிமேடு, சொக்கிகுளம் என்று வைகையின் வடகரையில் தெருவுக்கு ஒரு மகளிர் விடுதி இருக்கிறது. தங்கைக்காகப் போன மாதம் இரண்டு இடங்களில் விசாரித்தேன். நான்கு பேர் அறை, மூன்று வேளைச் சாப்பாட்டோடு மாதம் 6,500 ஓரிடம், 7,200 இன்னோரிடம். முன்பணம் ஒரு மாதத் தொகை. எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்பதுதான் இதன் பெரிய வசதி. கதவு பூட்டும் நேரம் ஒன்பது, ஒன்பதரை. வேலைக்குப் போகும் பெண்களோடு இருப்பதால் ஊர் சீக்கிரம் பிடிபடும். எந்தக் கடையில் சுரிதார் தைக்கலாம், எந்த ஆட்டோ நிறுத்தத்தில் பேரம் படியும் என்பதெல்லாம் அவர்கள் வழியாகத்தான் தெரியவரும்.

குறை என்னவென்றால், நான்கு கட்டிலுக்கு நடுவே ஒரு ஸ்டூல் போட இடமில்லை. படிப்பது எங்கே? வடகரையில் இருப்பவர்களுக்கு ஒரு மாற்று உண்டு. 2023 ஜூலையில் புது நத்தம் சாலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். எங்கள் மாடியில் கடைசியாக இருந்த பையன் தேர்வு மாதத்தில் அங்கேயே குடியிருந்தான் என்று சொல்லலாம். மாடி வாடகை அந்த மாதம் எனக்குச் சும்மா வந்த பணம்.

இன்னொன்றைச் சொல்லாமல் விடமுடியாது. தமிழ்நாட்டில் 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள் விடுதி நடத்த மாவட்ட ஆட்சியரின் உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமல் ஓடும் விடுதிகளும் இருக்கின்றன. 2024 செப்டம்பரில் பெரியார் பேருந்து நிலையம் அருகே கட்ராபாளையத்தில் ஒரு பெண்கள் விடுதியில் அதிகாலையில் தீப்பிடித்துப் பெண்கள் உயிரிழந்ததை மதுரைக்காரர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அன்றிலிருந்து எந்த விடுதியைப் பார்க்கப் போனாலும் நான் முதலில் படிக்கட்டைத்தான் பார்க்கிறேன். ஒரே படிக்கட்டா, இரண்டா? படிக்கு அடியில் சிலிண்டரும் வாஷிங் மெஷினும் பழைய மெத்தையும் அடைந்து கிடக்கின்றனவா? விசாரித்த இரண்டில் ஒன்றை அந்த இடத்திலேயே விட்டுவிட்டேன். சுவரில் உரிமம் மாட்டியிருக்கிறதா என்று கேட்டபோது, மாட்டியிருக்கவேண்டிய இடத்தில் முருகன் காலண்டர் இருந்தது.

மாடி போர்ஷன்: மலிவு எங்கே, செலவு எங்கே

கணக்கைப் பார்த்தால் இதுதான் மலிவு. எங்கள் மாடிக்கு 9,000 வாடகை. மூன்று பேர் சேர்ந்தால் ஆளுக்கு 3,000. சமைத்துச் சாப்பிட்டால் பிஜியைவிடக் குறைவாகவே முடியும். ஆனால் அந்த மூன்று பேரை வந்து இறங்கிய முதல் வாரத்தில் எங்கே தேடுவது? முகம் தெரியாதவரோடு சேர்ந்து ஒப்பந்தம் போட்டுவிட்டு, இரண்டாம் மாதம் அவர் ஊருக்குப் போய்விட்டால் 9,000 ரூபாயும் ஒருவர் தலையில். விடுதியில் ஆறு மாதம் இருந்தால் யாரோடு ஒரே சமையலறையைப் பகிரமுடியும், யாரோடு முடியாது என்பது தானாகத் தெரிந்துவிடும். என் பிடிவாதத்துக்கு இரண்டாம் காரணம் இது.

முன்பணத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது என்கிறது. அந்த 'வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால்' என்ற மூன்று சொல்லில்தான் ஊரே நடக்கிறது. ஐந்து மாதம் சாதாரணம், பத்து மாதம் கேட்பவர்களும் உண்டு. நானே ஐந்து மாதம் வாங்குகிறேன், 45,000. என்மேல் கல் எறிய விரும்புபவர்கள் எறியலாம். போன முறை காலி செய்தவர்கள் குளியலறைக் குழாயைக் கழற்றிக்கொண்டு போனார்கள்.

உள்ளூர்ப் பிள்ளைக்கு முன்பணம் திரும்ப வராவிட்டால் மறுவாரம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நிற்கலாம். வெளிநாட்டுப் பிள்ளைக்கு அந்த மறுவாரம் கிடையாது. படிப்பு முடிந்து பயணச்சீட்டு கையில் இருக்கும் கடைசி நாளில், "வெள்ளையடிக்க ஒரு மாதம், மோட்டார் பழுதுக்கு ஒரு மாதம்" என்று கழித்துக்கொண்டு கொடுத்தால் வாங்கிக்கொண்டு கிளம்பவேண்டியதுதான். கிள்ளான் பெண்ணின் தோழி ஒருத்திக்கு, ஊர்ப்பெயர் வேண்டாம், ஒரு வீட்டில் 60,000க்கு 22,000தான் திரும்ப வந்தது. ஆகவே ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: கடைசி மூன்று மாத வாடகையை முன்பணத்தில் கழித்துக்கொள்ளலாம். இதற்கு ஒப்புக்கொள்ளாத வீட்டுக்காரர் வெள்ளையடிக்கத் தயாராக இருக்கிறார் என்று அர்த்தம்.

ஒத்திக்கு வீடு இருக்கிறது என்று தரகர் ஒருவர் கட்டாயம் ஆசைகாட்டுவார். மூன்று லட்சமோ ஐந்து லட்சமோ மொத்தமாகக் கொடுத்துவிட்டால் மாத வாடகை இல்லை, காலி செய்யும்போது முழுப்பணமும் திரும்ப வரும். உள்ளூர்க் குடும்பங்கள் பல இப்படித்தான் இருக்கின்றன. ஆனால் உங்கள் ஒத்திப்பணம் பெரும்பாலும் அடுத்து வரும் ஒத்திக்காரரின் பணத்திலிருந்துதான் திரும்பும். அவர் வரும்வரை நீங்கள் விமானத்தை நிறுத்திவைக்க முடியாது. மாணவருக்கு ஒத்தி வேண்டவே வேண்டாம்.

வீடு பார்க்கப் போகும்போது பலகையைப் படியுங்கள். 'சைவம் மட்டும்' என்றிருந்தால் நெத்திலிச் சம்பலை மறந்துவிடுங்கள். மணம் மாடியோடு நிற்காது. 'குடும்பத்துக்கு மட்டும்' என்றால் மாணவர்களுக்கு இல்லை என்று பொருள். பலகையில் எழுதாத கேள்வி ஒன்றும் வரும்: "நீங்கள் எந்த ஆட்கள்?" மலேசியாவில் வளர்ந்த பிள்ளைக்குக் கேள்வியே புரியாது, "ஈப்போ ஆட்கள்" என்று வெள்ளையாகப் பதில் சொல்லும். இதைக் கேட்கிற வீட்டை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. விட்டுக்கொண்டே போனால் சில தெருக்கள் முடிந்துவிடும் என்பதும் தெரியும்.

பழைய நகரத்துக்குள் வளவு வீடுகள் மலிவாகக் கிடைக்கும். ஒரே முற்றத்தைச் சுற்றி ஐந்தாறு குடித்தனம், பொதுக் குழாய், சில இடங்களில் பொதுக் கழிப்பறை. மனித வாசம் அதிகம், தனிமை குறைவு. ஆய்வுப் படிப்புக்கு வந்த ஒருவர் விரும்பி வளவில் இருந்ததை அறிவேன். இருபத்திரண்டு வயதுப் பெண்ணைத் தனியாக அனுப்பமாட்டேன்.

தண்ணீர்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய செய்தி. குழாயைத் திறந்து ஒரு வாய் வைத்துப் பாருங்கள். மதுரையின் பல பகுதிகளில் ஆழ்துளைத் தண்ணீர் உப்பு. பக்கெட்டில் வெள்ளை படியும், சோப்பு நுரைக்காது, இரண்டே மாதத்தில் முடி கொட்டுகிறது என்று அம்மாவுக்கு அழுதுகொண்டே போன் போகும். மாநகராட்சிக் குடிநீர் எங்கள் தெருவில் ஒருநாள் விட்டு ஒருநாள். மாடிக்காரர்கள் அதைக் கீழே வந்து பிடித்து மேலே தூக்கவேண்டும். குடிக்க 20 லிட்டர் கேன் வாங்கினால், மாடிக்குக் கொண்டுவந்து வைக்கத் தனியாகக் காசு கேட்பார்கள். மோட்டார் போடும் உரிமை யாரிடம் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்காரம்மா ஒரு கல்யாணத்துக்குப் போனால் மாடியில் தலைக்கு ஷாம்பு போட்டபடி நிற்கும் நிலை எங்கள் வீட்டிலேயே நடந்திருக்கிறது. அந்தக் கல்யாணம் என் நாத்தனார் மகனுக்கு.

மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம். மாடிக்குத் தனி மீட்டர் இருந்தால் அந்த 100 உங்களுக்கு. சப்-மீட்டர் என்றால் அது வீட்டுக்காரருக்கு, உங்களுக்கு யூனிட்டுக்கு அவர் சொல்வதுதான் விலை. முன்கூட்டிக் கேட்டு ஒப்பந்தத்தில் எழுதுங்கள். மே மாதத்தில் வெயில் 40 டிகிரியைத் தொடும்போது, நேராக வெயில் வாங்கும் மொட்டைமாடிக்குக் கீழ் இருக்கும் அறையில் மின்விசிறி சூடான காற்றைத்தான் கிளறும் என்பதையும் நினைவில் வையுங்கள். அடுப்புக்கு முழு இணைப்பு எடுக்க அலையவேண்டாம். 5 கிலோ சிறிய சிலிண்டர் அடையாளச் சான்று காட்டினாலே கிடைக்கும்.

இவ்வளவு தொல்லைக்கும் பதிலாகக் கிடைப்பது என்ன? இரண்டாம் யாழ்ப்பாணத்துப் பையன் மாடியில் இருந்த நாள்களில் ஞாயிற்றுக்கிழமை காலையில் தேங்காய் துருவும் சத்தம் கேட்கும். அம்மா அனுப்பிய சிவப்பரிசி மாவில் பிட்டு அவிப்பான். ஆவி படிக்கட்டு வழியாக இறங்கி எங்கள் கூடத்துக்கு வரும், பின்னாலேயே ஒரு தட்டு வரும். வெளியில் போனால் அவன் பேச்சைக் கேட்டு ஆட்டோக்காரர்கள் "கேரளாவா தம்பி?" என்பார்களாம். தமிழ் பேசும் ஊருக்கு வந்து மலையாளி ஆகிவிட்டேன் என்று சொல்லிச் சிரிப்பான். அந்தச் சிரிப்புக்குள் என்ன இருந்தது என்று கேட்காமலே எனக்குத் தெரியும். தன் அடுப்பில் தன் ஊர்ச் சாப்பாடு வெந்த பிறகுதான் அவன் முகம் தெளிந்தது. விடுதி மெஸ்ஸில் அது நடக்காது.

ஆற்றைத் தாண்டாதீர்கள்

எந்தப் பகுதி நல்லது என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரே விதிதான் உண்டு. கல்லூரி வைகைக்கு எந்தக் கரையில் இருக்கிறதோ அந்தக் கரையிலேயே தங்குங்கள். காலை எட்டரைக்குக் கோரிப்பாளையத்து நெரிசலைக் கடந்து பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அமெரிக்கன் கல்லூரி, லேடி டோக் கல்லூரி, மருத்துவக் கல்லூரி வடகரை. புதூர், நரிமேடு, சொக்கிகுளம், பீபிகுளம், அண்ணா நகர் இவற்றில் எங்கிருந்தாலும் சரி. தெப்பக்குளத்தில் இருக்கும் தியாகராசர் கல்லூரி தென்கரை. அதே பெயர் கொண்ட பொறியியல் கல்லூரி திருப்பரங்குன்றத்தில், அதற்குத் திருநகரும் பசுமலையும் வசதி. பெயரைப் பார்த்து இரண்டையும் ஒன்றென நினைத்துத் தெப்பக்குளத்தில் வீடு பிடித்தவர் ஒருவர் உண்டு. காமராசர் பல்கலைக்கழகம் ஊருக்கு மேற்கே தேனி சாலையில் பல்கலை நகரில், நகரத்திலிருந்து பதிமூன்று கிலோமீட்டர் போல. அங்கே படிப்பவர் வளாக விடுதியிலோ நாகமலைப் புதுக்கோட்டையிலோ இருப்பதே நல்லது. மலையடிவாரக் காற்று உண்டு, மாலைக்கு மேல் ஊர் இல்லை. ஒத்தக்கடை வேளாண் கல்லூரிக்காரர்களுக்கு மாட்டுத்தாவணி பேருந்து நிலையம் அருகே என்பது ஆறுதல்.

பெண்களுக்குச் சாதாரணக் கட்டண நகர பஸ்ஸில் 2021 முதல் கட்டணம் இல்லை. அடையாள அட்டை எதுவும் கேட்பதில்லை. தங்கைக்கு மாதப் போக்குவரத்துச் செலவு ஏறக்குறையச் சுழி என்று சித்தப்பாவிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை.

சித்திரையில் அழகர் வரும் நாளுக்கு மட்டும் இந்தக் கரைக் கணக்கு செல்லாது. மூன்றுமாவடியிலிருந்து தல்லாகுளம் வரை எங்கள் சாலை முழுவதும் மனிதத் தலைகள்தான். அன்றைக்குக் கல்லூரி பற்றிய பேச்சே கிடையாது.

உறவுக்காரர் வீடு

இதை எழுதத் தயக்கமாக இருக்கிறது. எழுதாமல் விட்டால் சித்திக்குப் பதில் சொன்னதாக ஆகாது.

உறவுக்காரர் வீட்டில் வாடகை இல்லை, முன்பணம் இல்லை. ஆனால் அவள் எட்டு மணிக்கு வந்தால் நான் வாசலில் நிற்பேன். தோழி வீட்டில் படிக்கப் போகிறேன் என்றால் யார் தோழி என்று கேட்பேன். காய்ச்சல் வந்தால் மூன்று மணி நேரத்தில் ஈப்போவுக்குச் செய்தி போகும். விடுதிக் காப்பாளரிடம் சண்டை போடலாம், அக்காவிடம் போட்டால் அது குடும்பச் சண்டை. அவளுக்கும் ஊருக்கும் நடுவில் நான் சுவர்போல நிற்பேன். வங்கிக்கு நான் போவேன், சிம் கார்டு நான் வாங்குவேன், பேரம் நான் பேசுவேன். இரண்டு வருடம் முடிந்து போகும்போது அவளுக்கு மதுரையில் தெரிந்தது எங்கள் தெருவாக மட்டுமே இருக்கும். முதல் பருவம் விடுதியில் தட்டுத்தடுமாறட்டும். ஜனவரியில் இரண்டு தோழிகளைக் கூட்டிக்கொண்டு வந்து, "அக்கா, மாடி வாடகைக்கா?" என்று கேட்கட்டும். ஆளுக்கு 3,000. முன்பணம் மட்டும் தங்கைக்காக மூன்று மாதம்.

திருச்சியில் இறங்கும் அன்று நானே போய் அழைத்து வருகிறேன். முதல் இரவு எங்கள் வீட்டில் சாப்பாடு, மறுநாள் காலை விடுதி. ஓர் இரவானாலும் தங்கல் தங்கல்தான், 24 மணி நேரக் கணக்கு அதற்கும் உண்டு. தீபாவளிக்கு விடுதி ஐந்து நாள் மூடுவார்கள் என்று அவள் இப்போதே விசாரித்துவிட்டாள். "அதற்கும் படிவம் போடவேண்டுமா அக்கா?" என்று கேட்டுக் கடவுச்சீட்டின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். கணவர் நேற்று இரவு முழுக்க அந்த இணையதளத்தின் கடவுச்சொல்லைத் தேடினார். கடைசியில் பால் கணக்கு நோட்டின் பின்னட்டையில் கிடைத்தது.